விடுபட்டவற்றின் பட்டியல்

"மேடம், எட்டு மாசமா நான் பேரை மட்டும்தான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார் கஸ்பார்.

"வாசிங்க," என்றார் இசக்கியம்மாள்.

"ஆயிரத்து நானூறு ஃபைல் பேர் மேடம். ஒவ்வொரு தடவையும்."

"ஒவ்வொரு தடவையும் வாசிங்க."

இசக்கியம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கஸ்பாருக்கு வயது நாற்பத்தொன்பது. அவருக்குக் கற்றுக்கொடுக்கும் இசக்கியம்மாளுக்கு முப்பத்து மூன்று.

இருபது வருடம் மீனவர் சங்கத்தில் வயர்லெஸ் பார்த்தவர் கஸ்பார். கரையோரத்தின் எண்பத்தாறு ஊரும் அவருக்கு மனப்பாடம். குரலை வைத்தே எந்த ஊர் வள்ளம் பேசுகிறது என்று சொல்லிவிடுவார். சங்கம் வயர்லெஸ்ஸை நிறுத்திவிட்டு வள்ளத்துக்கு ஒரு பெட்டி கொடுத்தபோது அவர் வீட்டில் போய் உட்காரவில்லை. அந்தப் பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிற அலுவலகத்தைத் தேடிப்போய் வாசலில் நின்றார்.

மற்றவர்கள் அவர் வயதைப் பார்த்தார்கள். இசக்கியம்மாள் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"வயர்லெஸ்ல ஒரு வள்ளம் பேசலைன்னா என்ன செய்வீங்க?"

"பேசுற வரைக்கும் கூப்பிடுவேன்."

"நாளைக்கு வாங்க."

வந்தவருக்குக் கிடைத்தது இந்த வேலை.

பெட்டி என்பது ஒரு டிபன் பாக்ஸ் அளவு. எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டி வைப்பார்கள். காற்று கிளம்பப்போகிறது என்றால் சிவப்பு விளக்கு எரிந்து கூவும். இல்லையென்றால் பச்சை. கரை திரும்பும்போது மணல் திட்டுகளுக்கு நடுவே முகத்துவாரத்துக்குள் நுழைய வழி காட்டும். ஊருக்கு ஒரு வழி. வழிக்கு ஒரு கோப்பு.

அந்தக் கோப்புகளையும், எச்சரிக்கைக் குரல்களையும், படங்களையும் ஒன்றாகக் கட்டிப் பெட்டிகளுக்கு அனுப்புவதை அலுவலகத்தில் மூட்டை கட்டுவது என்பார்கள். எது மூட்டைக்குள் போகும், எது வெளியே நிற்கும் என்று தீர்மானிப்பவர் இசக்கியம்மாள். உள்ளே போகிறவற்றின் பேரை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பவர் கஸ்பார்.

"ஒரு ஸ்டார் போட்டா ஒரே வரியில முடியுற வேலை மேடம் இது. எனக்கு அதைக் கத்துக்கொடுங்க."

இசக்கியம்மாள் ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு நீட்டினார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"எது வேணும்னாலும்னு அர்த்தம். 'குரல்'னு எழுதி ஸ்டார் போட்டா, குரல்னு தொடங்குற ஃபைல் அத்தனையும் வந்து விழும்."

"எது வேணும்னாலும்," என்றார் இசக்கியம்மாள். "எது வேணாம்னாலும்."

கஸ்பார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"புரியலை மேடம்."

"வாசிங்க."

அவர் வாசிக்கத் தொடங்கினார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை.

போன மாதத்துப் புயலில் கரையோரத்து மணல் திட்டுகள் இடம் மாறியிருந்தன. அளவெடுக்கப் போனவர்கள் எல்லா ஊருக்கும் புது வழி வரைந்து, பதினொன்றரை மணிக்குத்தான் அனுப்பினார்கள். பிற்பகல் வள்ளங்கள் இரண்டு மணிக்கு மேல் கடலில் இறங்கும். அதற்குள் புது மூட்டை பெட்டிகளுக்குப் போயாக வேண்டும்.

சாயங்காலம் காற்று கொஞ்சம் கூடலாம் என்று காலையிலேயே அறிவிப்பு வந்திருந்தது. கொஞ்சம்தான். யாரையும் தொழிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு இல்லை.

இசக்கியம்மாள் துறைமுகத்தில் இருந்தார். நனைந்துபோன நாலு பெட்டிகளைச் சரிபார்க்க, அலைதடுப்புச் சுவர் முனைக்குப் போயிருந்தார். அங்கே செல்போன் எடுக்காது.

கஸ்பார் மூட்டையைக் கட்டினார்.

பெட்டி கொள்ளாது என்று திரையில் செய்தி வந்தது. பெட்டி கொள்வது நாற்பது எம்.பி. மூட்டை ஐம்பத்திரண்டு.

போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார். அதே குரல்.

மணி பன்னிரண்டு.

அவர் கோப்புகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அளவெடுத்தவர்கள் தங்களுடைய பழைய வரைபடங்களையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தள்ளிவைத்த கோப்பின் பேருக்கு முன்னால் 'பழைய' என்று சேர்த்துவிடுவார்கள். திரை நிறைய பழைய, பழைய, பழைய.

இடத்தை அடைப்பது எது என்று தெரிந்துவிட்டது.

கஸ்பார் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விதி எழுதினார். மூட்டையில் சேர்க்காதே என்ற தலைப்பின் கீழே, ஒரே வரி.

பழைய*

மறுபடி கட்டினார். முப்பத்தெட்டு என்றது.

ஒரே வரியில் முடிந்துவிட்டது. எட்டு மாதம்!

சோம்பல் ஒன்றும் படவில்லை அவர். மூட்டைக்குள் இருந்தவற்றை வழக்கம்போல உரக்க வாசித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. வாசித்த ஒவ்வொரு பேரும் சரியாக இருந்தது. அலுவலகத்துச் சோதனைப் பெட்டியில் ஏற்றிப் பார்த்தார். விளக்கு எரிந்தது, குரல் வந்தது, வழி தெரிந்தது.

ஒன்று ஐந்துக்கு அனுப்பினார்.

கரையில் நின்ற வள்ளங்களின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் புதுசை வாங்கிக்கொண்டு, இருந்ததை அழித்தன.

ஒன்று நாற்பதுக்கு இசக்கியம்மாள் வந்தார். சேலை முந்தானையில் உப்புத்தண்ணீர் பட்டிருந்தது.

"மூட்டை போயிடுச்சா அண்ணே?"

"போயிடுச்சு மேடம். இடம் பத்தலை. உங்களுக்குப் போன் போட்டேன், கிடைக்கலை. நானே ஒரு ஸ்டார் போட்டு, குப்பையைத் தள்ளிட்டு அனுப்பிட்டேன்."

சொல்லும்போது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எத்தனை தள்ளினீங்க?"

"நூத்திப் பதினாலு."

"அதுல ஒண்ணு பேர் சொல்லுங்க."

கஸ்பார் வாயைத் திறந்தார்.

"எல்லாம் பழைய படம் மேடம்."

"பேர் சொல்லுங்க."

"பழைய... பழைய..."

"உள்ள போனதை வாசிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம."

"வெளியே நின்னதை?"

அதை யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. அப்படி ஒரு பட்டியலே மேசையில் கிடையாது.

"அந்த வரியைத் திருப்பிப் போடுங்க அண்ணே. ஸ்டார் எதையெல்லாம் பிடிச்சுதோ அதை மட்டும் காட்டச் சொல்லுங்க."

அவர் திருப்பிப் போட்டார். நூற்றுப் பதினாலு பெயர்களும் திரையில் சரசரவென்று மேலே ஓடி நின்றன. அவர் கண்ணில் பட்டது கடைசி வரி.

பழையகரை.

கஸ்பார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

பழையகரை ஓர் ஊர். முப்பத்து நாலு வள்ளம். மாதா கோயில், அதன் பக்கத்தில் ஏலக்கூடம், ஏலக்கூடத்துக்குத் தெற்கே முகத்துவாரம். சங்கத்தில் இருந்த நாளில் தினமும் காலையில் அவரை முதலில் கூப்பிட்டுப் பேசுகிற ஊர் அது.

"மேடம்..."

இசக்கியம்மாள் ஏற்கெனவே திரையைப் பார்த்துவிட்டார்.

"கோப்பு இல்லைன்னா பெட்டி என்ன செய்யும் மேடம்? பழுதுன்னு சொல்லுமா?"

"சொல்லாது."

"பிறகு?"

"தன் ஊர் எதுன்னு தெரியாத பெட்டிக்கு, தனக்கு எந்த எச்சரிக்கையும் இல்லைன்னு அர்த்தம். பச்சை எரியும்."

மணி ஒன்று ஐம்பது.

கஸ்பார் போனை எடுத்தார். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினார். பழையகரை ஏலக்கூடத்தில் சிலுவைப்பிச்சை என்பவர் எடுத்தார். வெகுநாள் பழக்கம்.

"என்ன வயர்லெஸ்காரரே, இந்நேரத்துல?"

"வள்ளம் இறங்கிடுச்சா?"

"இன்னைக்கு நேரத்தோடயே இறங்கியாச்சே. பன்னிரண்டு வள்ளம் போயாச்சு. மத்தது ஐஸ் ஏத்துது."

"ஒண்ணையும் விடாதீங்க. பெட்டி வேலை செய்யாது."

"பச்சையாத்தானே எரியுது?"

"அந்தப் பச்சையை நம்பாதீங்க அண்ணாச்சி. பெட்டிக்கு உங்க ஊரே தெரியாது."



"என்ன சொல்லுதிய?"

இசக்கியம்மாள் கையை நீட்டி போனை வாங்கினார்.

"நான் இசக்கியம்மாள் பேசுறேன். தப்பு எங்களுது. உங்க ஊரை நாங்க மூட்டையில விட்டுட்டோம். கோயில் மைக்ல சொல்லச் சொல்லுங்க. கடல்ல இருக்கிற பன்னிரண்டு வள்ளத்தையும் செல்போன்ல கூப்பிடச் சொல்லுங்க. இப்பவே."

'எங்களுது' என்ற சொல் கஸ்பாருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுதியது அவர் ஒருவர்.

இரண்டு பத்துக்கு வானிலை அறிவிப்பு மாறியது. கொஞ்சம் என்பது போய், பலத்த சூறைக்காற்று என்று வந்தது. நாலரையிலிருந்து. கரையோரம் முழுக்கப் பெட்டிகள் சிவப்பாக எரிந்து கூவத் தொடங்கியிருக்கும்.

பழையகரையில் பச்சை.

கஸ்பார் நாற்காலிக்குத் தாவினார். எங்கே தப்பு என்று இப்போது அவருக்குத் தெரியும். தள்ளிவைத்த கோப்புகளில் 'பழைய' என்ற சொல்லுக்குப் பின்னால் '_' என்று ஒரு கீழ்க்கோடு இருக்கும். ஊரின் பேரில் அது இல்லை. கீழ்க்கோட்டையும் விதியில் சேர்த்துவிட்டால் ஊர் தப்பிவிடும். அவர் சேர்த்தார். நூற்றுப் பதிமூன்று என்று காட்டியது.

"முடிஞ்சது மேடம். கட்டிடறேன். எட்டு நிமிஷம்."

"வாசிங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நூத்திப் பதிமூணையும் வாசிங்க."

"மேடம், கடல்ல ஆள் இருக்கு!"

"தெரியும்."

"நீங்களே பாருங்க, ஊர் மூட்டைக்குள்ள வந்திடுச்சு. வேற என்ன இருக்கு அதுல? எல்லாம் குப்பை!"

"முதல்லயும் அதைத்தான் சொன்னீங்க."

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. அந்தக் கணத்தில் அந்தப் பெண்ணை அவர் வெறுத்தார். மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

இசக்கியம்மாள் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, காதில் போனோடு பழையகரைக்குப் பேசிக்கொண்டிருந்தார். "எத்தனை திரும்புது? ஏழா? மத்த அஞ்சு?"

அவர் வாசிக்கத் தொடங்கினார்.

"பழைய கீழ்க்கோடு அலை ஒண்ணு. பழைய கீழ்க்கோடு அலை ரெண்டு. பழைய கீழ்க்கோடு ஆழம் வடக்கு."

கஸ்பார் திரையை நகர்த்தினார்.

"பழைய கீழ்க்கோடு திட்டு ஏழு. பழைய கீழ்க்கோடு திட்டு எட்டு."

"எட்டு திரும்பிடுச்சா?" என்று போனில் கேட்டார் இசக்கியம்மாள்.

"பழைய கீழ்க்கோடு நீரோட்டம். பழைய கீழ்க்கோடு பாறை."

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பழைய கீழ்க்கோடு வரைவு மூணு. பழைய கீழ்க்கோடு வரைவு நாலு. பழைய கீழ்க்கோடு விளக்கு. பழைய கீழ்க்கோடு..."

நின்றார்.

ஒரு வரி மேலே போனார்.

பழைய விளக்கு.

புதுக் கலங்கரை விளக்கம் கட்டியபிறகு, முந்தைய விளக்கைச் சுற்றியிருந்த குடியிருப்புக்குச் சனங்கள் வைத்த பேர் அது. ஊர்ப் பேரே அதுதான். பேருந்துப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். இரண்டு சொல் என்பதால் நடுவே ஒரு கீழ்க்கோடு.

இருபத்திரண்டு வள்ளம். மூன்று மணிக்கு இறங்குவார்கள்.

கஸ்பார் கையைத் தூக்கி அந்த வரியைக் காட்டினார்.

இசக்கியம்மாள் வந்து பார்த்தார். கையிலிருந்த போனைக் கஸ்பாரிடம் கொடுத்தார். மணி இரண்டு முப்பத்தாறு.

பழைய விளக்கில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. கஸ்பார் போனில் பேசியது அந்த ஊர்ச் சங்கத் தலைவியிடம். கடற்கரைக்கு ஓடிக்கொண்டே பேசினாள். "ஏய், நிறுத்துங்கப்பா! எஞ்சினை நிறுத்துங்க!" என்று அவள் கத்துவது போனில் கேட்டது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்குவதும் கேட்டது.

அவர் போனை வைத்துவிட்டு விதியை முழுசாக அழித்தார். தள்ள வேண்டிய நூற்றுப் பன்னிரண்டையும் வாசித்தபடியே ஒவ்வொன்றாகக் குறித்துத் தள்ளினார். மூட்டை மூன்று மணிக்குப் போனது. கரையில் நின்ற பெட்டிகளெல்லாம் சிவப்பானதாகச் செய்தி வந்தது. கடலுக்குள் தூரம் போய்விட்ட பெட்டிகளுக்கு அது எட்டவில்லை.

மூன்றரைக்குள் பழையகரையின் பதினொரு வள்ளம் திரும்பிவிட்டது.

ஒன்று வரவில்லை. தொம்மை என்பவருடைய வள்ளம். நாலு பேர். செல்போனை நனையாமல் இருக்கப் பாலிதீனில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்துவிடுவது தொம்மையின் வழக்கம் என்று சிலுவைப்பிச்சை சொன்னார்.

கஸ்பார் அந்த எண்ணைக் கூப்பிட்டார்.

மணி அடித்து நின்றது.

மறுபடி கூப்பிட்டார்.

நாலரைக்குக் காற்று வந்தது. வேப்பமரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. யாரும் போய்ச் சாத்தவில்லை.

"திட்டுங்க மேடம்," என்றார் கஸ்பார்.

"கூப்பிடுங்க," என்றார் இசக்கியம்மாள்.

கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. எண்பது தடவைக்கு மேல் அவர் எண்ணவில்லை.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அழைப்பு அங்கேயிருந்து வந்தது. சிலுவைப்பிச்சை.

"வந்துட்டாவ."

கஸ்பார் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேருமா?"

"நாலு பேரும். வள்ளம் போச்சு. முகத்துவாரத்துல திட்டு இடம் மாறினது தெரியாம ஏத்தி, ரெண்டாப் பிளந்திடுச்சு. நீந்தித்தான் கரை சேர்ந்தாவ. தொம்மைக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருக்கு."

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இசக்கியம்மாள் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். கொக்கியை மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் கஸ்பார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தொம்மை கட்டுப்போட்ட தோளோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அந்த வரியை எழுதினவன்," என்றார் கஸ்பார். உட்காரவில்லை.

தொம்மை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு மணிக்கே வானம் சரியில்ல," என்றார். "எனக்குத் தெரிஞ்சுது. என் அப்பன் காலமா இருந்தா அப்பவே வலையை இழுத்திருப்போம். பெட்டியைப் பார்த்தேன். பச்சை. இன்னும் கொஞ்சம் நிப்போம்னு நின்னேன்."

கஸ்பார் தலை குனிந்தார்.

"எங்க ஊரைப் பழசுன்னு தள்ளிட்டியளாமே?"

"ஊருன்னு தெரியலை."

"உங்களுக்கா தெரியலை? எங்க எல்லாரோட குரலும் தெரியுமே உங்களுக்கு."



"கஞ்சி குடிச்சிட்டுப் போங்க," என்றாள் தொம்மையின் மனைவி. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு டம்ளரை நீட்டினாள்.

அவர் நின்றுகொண்டே குடித்தார்.

அடுத்த மூன்று நாள் கஸ்பார் யாரோடும் பேசவில்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் காலையில் இசக்கியம்மாளிடம் போனார்.

"மேடம், ஒரு காவல் எழுதியிருக்கேன்."

"சொல்லுங்க அண்ணே."

"இனிமே யார் எந்த ஸ்டார் போட்டாலும் சரி. தள்ளினதை எல்லாம் பேர் பேரா காட்டும். வாசிச்சு ஒத்துக்கிட்டாத்தான் நகரும். அதுக்கு மேல இன்னொண்ணு. எண்பத்தாறு ஊர்ப் பேரும் இதுல இருக்கு. ஒரு ஊர் குறைஞ்சாலும் மூட்டை கட்டாது, நின்னுடும். ஒவ்வொரு ஊரா எடுத்துப் பார்த்துச் சோதிச்சேன். எண்பத்தாறு தடவையும் நின்னுச்சு."

இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்பத்தாறு ஊர்ப் பேரையும் மெதுவாக வாசித்தார். ஒன்றிலும் பிழை இல்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க."

எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

"எண்பத்தாறுன்னு யார் சொன்னா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"சங்கத்துப் பட்டியல் மேடம்."

"சங்கத்துக்கு யார் சொன்னா?"

கஸ்பார் திரையிலிருந்த ஊர்ப் பேர்களை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினார். எங்கே போகிறீர்கள் என்று இசக்கியம்மாள் கேட்கவில்லை.

கடற்கரைச் சாலையில் பஸ் நின்ற ஊரிலெல்லாம் இறங்கினார். நோட்டில் ஒவ்வொரு ஊருக்கும் நேராகக் கோடு போட்டார். பஸ் போகாத இடங்களில் நடந்தார். இரண்டு நாளில் நாற்பத்தொன்று ஆனது. எல்லாம் பட்டியலில் இருந்த ஊர்கள்தான்.

மூன்றாம் நாள் பகலில், நாற்பத்தொன்றாவது ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கரை வழியாகவே நடந்தார். உப்பளம் ஒன்று வந்தது. அதைத் தாண்டி உடைமரக் காடு. காட்டைச் சுற்றித் திரும்பியதும், மணலில் ஏற்றிவைத்த வள்ளங்கள் தெரிந்தன. ஒன்பது. அவற்றுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஓலை வீடுகள்.

ஒரு பெண் வலை விரித்து அதில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது எந்த ஊர்?"

"ஊருன்னு சொல்ல முடியாது. அலை வந்து வீடு போனபிறகு இங்க வந்து கிடக்கோம். இருபது வருஷமாச்சு."

"பேர்?"

"பேரு ஒண்ணும் வைக்கல. உப்பளத்துக்கு அந்தப் பக்கம்னுவாவ."

கஸ்பார் வள்ளங்களைப் பார்த்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்டி கட்டியிருந்தது. ஒன்பதிலும்.

"பெட்டி குடுத்திருக்காங்களே?"

"வள்ளத்துக்கு நம்பர் இருக்கில்லா, அதனால குடுத்தாவ. எந்த ஊர்னு கேட்டாவ. பேரு இல்லைன்னோம். சரின்னு சும்மா மாட்டிட்டுப் போயிட்டாவ."

"அன்னைக்கு, அந்த வெள்ளிக்கிழமை, காத்து அடிச்சுதே. பெட்டி கூவுச்சா?"

"அதுவா?" அந்தப் பெண் சிரித்தாள். "நல்ல பெட்டி அது. மாட்டின நாள்ல இருந்து ஒரு தடவை கூட கூவல. ஆம்பளைய எல்லாம் அன்னைக்கு எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு நின்னுட்டாவ. கடலுக்குப் போகல."

கஸ்பார் நோட்டைத் திறந்தார். பேனாவின் முனை தாளில் பட்டது. அங்கேயே நின்றது.

"என்ன யோசிக்கிய?" என்றாள் அவள்.

"எழுதணும்மா. பேர் இல்லாம எப்படி எழுதுறதுன்னு பாக்கேன்."

அந்தப் பெண் கையிலிருந்த கருவாட்டைக் கீழே போட்டாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பேரு இல்லைன்னா என்ன? ஆளு இருக்கோம்லா?"